ஆள் நடமாட்டம்

வீட்டுக்கு வந்தவரை ‘உட்காருங்க’ என்று சொல்வது ஒரு காலத்தில் வெறும் உபசாரமாக இருந்தது. கோமதியின் காலத்தில் அதற்குள் ஒரு மிடுக்கு வந்து சேர்ந்திருந்தது. ‘எங்கள் குடம் நிறைந்துதான் இருக்கிறது, உங்கள் நடை எங்களுக்கு வேண்டாம்’ என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி அது. சொல்லிவிட்டு, தண்ணீரையும் காப்பியையும் வீட்டுக்காரர்களே நாற்காலிக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். விருந்தாளியை ஓரடிகூட எடுத்துவைக்க விடாத வீடுதான் நல்ல வீடு என்று பெயர் வாங்கும்.

குடம் என்றால் தண்ணீர்க் குடம் இல்லை. கம்பி வழியாக வரும் கரண்ட் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான் என்று ஆன பிறகு, வீடுகளில் எல்லாம் தரை ஓடுகளை மாற்றினார்கள். கால் பட்டால் ஓடு மயிரிழை அளவு அமுங்கும். அந்த அமுக்கம் கரண்டாக மாறும். கதவுக் கீல், ஊஞ்சல் சங்கிலி, அம்மி, துவைக்கிற கல், குக்கர் மூடி என்று அசைகிறது, சுடுகிறது எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றைப் பொருத்தினார்கள். சேர்கிறதெல்லாம் சமையலறைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்ட, ஹால் சுவரில் ஒரு குடத்தின் படம். அதில் நீல வெளிச்சம் ஏறும், இறங்கும். மொட்டைமாடியில் வெயில் தகடுகள் இருந்தன. ஆனால் அவை குடியிருப்பு முழுவதற்கும் பொது. தண்ணீர் மோட்டாருக்கே அவை சரியாகப் போயின.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் காலடிக்கு ஒரு மதிப்பு வந்ததும் காலடியில் கஞ்சத்தனமும் வந்துவிட்டது. ‘அடுத்தவன் வீட்டுல போயி ஓடாதல, நம்ம வீட்டுல வந்து ஓடு’ என்று பிள்ளைகளை அதட்டினார்கள். காலையில் மைதானத்துக்கு நடக்கப் போனவர்கள் தங்கள் ஹாலுக்குள்ளேயே செக்கு மாடாகச் சுற்றினார்கள். பிறர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் நுனிக்காலில் நடந்தார்கள். ‘வாங்களேன், ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்’ என்று யாரையாவது கூப்பிட்டால், ‘பாவம், கரண்டுக்குத் தட்டுப்பாடு போல’ என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கூப்பிடுவது பிச்சை கேட்பதாக ஆயிற்று. யாரும் யாரையும் கூப்பிடாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

சாவு வீடு ஒன்றுதான் இதற்கு விலக்கு. அங்கே மட்டும் யாரும் காலடியை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு மனிதர்கள் மனிதர்களாக மிஞ்சியிருந்தார்கள்.

கோமதியின் கணவர் ஆவுடையப்பன், பாளையங்கோட்டை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் துக்க வீட்டிலும் முதல் ஆளாக நிற்பார். பந்தலுக்குச் சொல்வது, வெளியூருக்குத் தகவல் கொடுப்பது, அழுகிற பெண்களுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தனக்கென்று மட்டும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். பிறகு, ‘இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க’ என்று ஒரு மூச்சு மெஷினைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மெஷின் சின்னதுதான். ஆனால் ராப்பகலாக ஓட வேண்டும். கோமதி மிக்சியைத் தூக்கிப் பரணில் போட்டாள். ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். துணியை அடித்துத் துவைத்தாள், தேவையில்லாவிட்டாலும் அம்மியில் அரைத்தாள், மீதி நேரமெல்லாம் நடந்தாள். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து உள்ளறை, மறுபடி ஹால். எவ்வளவு நடந்தாலும் குடத்தில் நீலம் அடியைவிட்டு மேலே ஏறவில்லை.

ஏதோ பழுது என்று நினைத்து, குடம் பார்க்கிற இசக்கியை வரச்சொன்னாள். அவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

“பெட்டியில ஒரு குத்தமும் இல்லக்கா.”

“பின்ன ஏன் ஏற மாட்டேங்குது? நான் நிக்காம நடக்கேனே.”

“அக்கா, இதுல மாயமந்திரம் ஒண்ணும் கெடையாது. நீங்க சாப்புடுத சோறு உங்க கால்ல பலமாகுது. அந்தப் பலம் ஓட்டுல எறங்கி கரண்டாகுது. கரண்டுதான் அங்க அண்ணாச்சிக்கு காத்தா போகுது. ஒண்ணு இன்னொண்ணா மாறும், அவ்வளவுதான். இல்லாதது எங்கிருந்து வரும்?”

“அப்ப ரெண்டு ஆள் சோறு திங்கட்டுமா?”

இசக்கி சிரிக்கவில்லை. “ஒரு ஆள் நடை வெளக்குக்கும் ஃபேனுக்கும் காணும். மெஷினுக்குக் காணாது. மாறுத வழியில பாதி வீணாத்தான் போகும். இந்த வீட்டுக்கு ஆள் நடமாட்டம் வேணும்க்கா. நாலு பேரு வந்து போய் இருக்கணும்.”

அவன் போகும்போது வேண்டுமென்றே ஹாலைச் சுற்றிவந்து, பாதத்தை அழுத்தி ஊன்றி நடந்தான். கோமதிக்கு அது புரிந்தது. புரிந்ததும் உடம்பு கூசியது.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள். ஸ்டெல்லா நல்லவள்தான், ஆனால் காலத்துக்கு ஏற்றபடி நல்லவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“உள்ள வந்து வீட்டைச் சுத்திப் பாருங்களேன் ஸ்டெல்லா. ஜன்னலுக்கெல்லாம் புதுத்துணி போட்டிருக்கேன்” என்றாள் கோமதி.

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. “இங்கயிருந்தே தெரியுதுக்கா. அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாதிக் காப்பியோடு எழுந்தாள். அவள் கதவைச் சாத்துகிற ஓசையில்கூட ஒரு சிக்கனம் இருந்தது.

உள்ளறையில் ஆவுடையப்பன் மெஷினின் முகமூடியைச் சற்றே விலக்கி, மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டார். “யாரையும்... கூப்பிட்டியா?”

“சும்மா காப்பிக்குத்தான்.”

“வேண்டாம், கோமதி.”

அவருக்குத் தென்காசியில் ஒரு தம்பி உண்டு. சிதம்பரம் என்று பெயர். அண்ணன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தினமும் போனில் விசாரிப்பான், நேரில் மட்டும் வரமாட்டான். கோமதிக்கு அதில் ஆற்றாமை இருந்தது. அவன் பக்க நியாயம் அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அண்ணன் யாரிடமும் கை நீட்டாத மனுஷன். நான் போய் அந்த வீட்டில் நடந்தால், நடை போட வந்தான் என்று அண்ணன் கூசிப்போவார் என்று அவன் நினைத்திருக்கிறான். வராமல் இருப்பதுதான் மரியாதை என்று ஒரு காலத்தில் ஒரு ஊரே நினைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஒரு நாள் காலையில், கோமதி அம்மிப் பக்கம் இருக்கும்போது மெஷின் ஒரு தரம் விக்கிவிட்டு நின்றது. குடம் காலி. ஓடிப்போய், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ரப்பர் பையை முகமூடியில் மாட்டிக் கையால் அமுக்கினாள். அமுக்கினால் அவருக்கு மூச்சு வருகிறது, ஆனால் நடக்க முடியவில்லை. நடந்தால் மெஷின் ஓடும், ஆனால் பையை யார் அமுக்குவது? கை கடுத்தது. ஆவுடையப்பனின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. கோமதி ஜன்னல் பக்கமாகத் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்.

“நின்னு போச்சே! ஸ்டெல்லா! நின்னு போச்சே!”

மெஷினைத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் இப்படிக் கத்தினால் கேட்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

ஸ்டெல்லா ஓடிவந்தாள். நுனிக்கால் எல்லாம் மறந்துபோய், தலைமுடி அவிழ, தடதடவென்று ஓடிவந்தாள். மாடிவீட்டுக்காரர்கள் வந்தார்கள். கீழ்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஹாலில் விழுந்து எழுந்து, “ஐயோ எங்க அண்ணாச்சி!” என்று மார்பில் அடித்துக்கொண்டார்கள். உள்ளறையில் மெஷின் இருமியது. பிறகு சீராக ஓட ஆரம்பித்தது.

கோமதி பையைக் கீழே வைத்தாள். முகமூடியை மெஷினில் மாட்டிவிட்டு, உண்மையைச் சொல்லத்தான் ஹாலுக்கு வந்தாள். அப்போது சுவரைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அடியை விட்டு எழும்பாத நீலம், குடத்தின் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பின்னால் கையை நீட்டி உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“யாரும் உள்ள வராதீங்க. வேட்டி மாத்தணும்” என்றாள்.

இது பொய்தான். நான் அதற்கு வேறு பெயர் தேடப் போவதில்லை. அந்த நேரத்தில் அவள் இடத்தில் இருந்தால் எத்தனை பேர் வாயைத் திறந்திருப்பார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

தகவல் தானாகவே பரவிற்று. ஆவுடையப்பன் யார் யார் வீட்டு வாசலில் பந்தல் போட்டாரோ அவர்களெல்லாம் வந்தார்கள். டிப்போவிலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்தார்கள். மாலைகள் வந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, முன்னும் பின்னும் ஆடி அழுதார்கள். அந்த ஆட்டமும் ஓட்டில் இறங்கியது. கதவு ஓயாமல் திறந்து மூடியது. சோடா கொண்டுவர ஓடினார்கள், நாற்காலி எடுத்துவர ஓடினார்கள். குடம் கழுத்துவரை ஏறியது. ஒப்பாரிச் சத்தத்தில் மெஷின் ஓசை யாருக்கும் கேட்கவில்லை.

மதியம் சிதம்பரம் வந்தான். தென்காசியிலிருந்து வரும் வழியெல்லாம் அழுதிருப்பான் போல, கண் சிவந்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றான்.

“இப்ப வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க” என்று கோமதி கதவை மறித்தாள்.

“உயிரோட இருக்கையில வந்து பாக்காத பாவி நான். இப்பவும் பாக்க விட மாட்டீங்களா மதினி?”

அவளை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினான். உள்ளே ஆவுடையப்பன் தலையணையில் சாய்ந்து, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடிக்குள் மூச்சு பனித்து மறைந்து, பனித்து மறைந்தது.

ஹாலில் அழுகை ஒரேயடியாக நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு மாலை வாங்கிவந்தவர்களின் கோபம் நியாயமானது. “அடி பாதகத்தி, தாலி கழுத்துல இருக்கையில நடைக்காகவா இப்படிச் செஞ்ச?” என்று ஒருத்தி கேட்டாள். தலை முழுகிப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். சிதம்பரம் அண்ணனின் காலை ஒரு தரம் தொட்டான். மதினியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். எல்லோரும் ஆத்திரத்தில் தரை அதிர மிதித்துக்கொண்டு போனார்கள். அந்த மிதியில் குடம் விளிம்புவரை நிறைந்தது.

வீடு காலியானதும் ஆவுடையப்பன் அவளைக் கண்ணால் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்து அருகே போனாள்.

“யாரெல்லாம்... வந்தாங்க?”

சொன்னாள். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அவர் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார்.

“டிப்போ பயலுவ?”

“எல்லாரும் வந்தாங்க.”

“தம்பி... அழுதானா?”

“உங்க தம்பி அழுத மாதிரி யாரும் அழல.”

முகமூடிக்குள் அவர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அந்த நிறைகுடம் தீரும் வரைக்கும் அவர்களுக்கு நல்ல நாட்கள். கோமதி நடக்கவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று பஸ் பழுதாகி, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளியதைப் பற்றிப் பேசினார்கள். மஸ்கட்டில் இருக்கும் மகள் பகவதி சின்ன வயதில் ஊஞ்சலைவிட்டு இறங்காமல் அடம்பிடித்ததைப் பற்றிப் பேசினார்கள். ஒரே வீட்டுக்குள் இருந்தும் மாதக்கணக்காக அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் அவர் மூச்சுவிட வேண்டும். அவர் மூச்சுவிட வேண்டும் என்றால் அவள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இப்படி ஒரு கணக்கை யார் போட்டது?

நீலம் மறுபடி அடிக்கு இறங்கியபோது கோமதி எழுந்தாள்.

ஆவுடையப்பன் அவள் கையை விடவில்லை. “உக்காரு” என்றார்.

“நடந்தாத்தானே...”

“உக்காரு, கோமதி.”

“யாரையாவது கூப்பிடுதேன். கால்ல விழுதேன். வருவாங்க.”

“எல்லாரும் வந்தாச்சு. எல்லாத்தையும்... கேட்டாச்சு. இதுக்கு மேல என்ன?” மூச்சு வாங்கிக்கொண்டார். “உன் கால... பாரு. வீங்கிக் கெடக்கு. எனக்காக... உக்காரு.”

அந்த வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உன் நடை எனக்கு வேண்டாம். என் குடம் நிறைந்துதான் இருக்கிறது.

கோமதி நின்றாள். ஹாலுக்கு ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. தன் காலை அவள் அதுவரை அத்தனை வெறுத்ததில்லை. அப்புறம் உட்கார்ந்தாள். வெளியே வெயில் ஜன்னலைவிட்டு நகரும் நேரம். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஒரு தரம் விக்கியது. ரப்பர் பை பக்கத்தில்தான் இருந்தது. அவள் கை அதன்மேல் போனபோது அவர் இலேசாகத் தலையை அசைத்தார். கை அங்கேயே நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஜன்னல் பக்கம் போய், எதிர் வீட்டைப் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை கத்தவில்லை.

“ஸ்டெல்லா. நின்னு போச்சு.”

ஸ்டெல்லா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையில் துணியோடு திரும்பிப் பார்த்தாள்.

“எது நின்னு போச்சுக்கா? மெஷினா?”

கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டெல்லா சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனில் சொன்னவர்களும் அப்படித்தான். “சரி, சரி” என்றார்கள். டிப்போவில் ஒருவர், “நெசமாவா?” என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். சிதம்பரத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. கடைசியில் “அண்ணன் போயிட்டாங்க தம்பி” என்று மட்டும் குரலைப் பதிந்து அனுப்பினாள். மகள் பகவதி மட்டும் சந்தேகப்படாமல் கதறினாள். அடுத்த விமானத்தில் கிளம்பி வருவதாகவும், அதுவரை அப்பாவை எடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். ஆவுடையப்பனைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியை மூடினார்கள். வயரைச் சொருகிய ஆள் சுவரைப் பார்த்தான்.

“குடத்துல ஒண்ணுமே இல்லயேம்மா. பெட்டி எப்படி ஓடும்? சாவு வீட்டுல ஆளு இருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“ஓடும். நீங்க போங்க” என்றாள் கோமதி.

அவர்கள் போனதும் நடக்க ஆரம்பித்தாள். பெட்டியின் தலைமாட்டிலிருந்து கால்மாடு, கால்மாட்டிலிருந்து தலைமாடு. காலை அழுத்தி ஊன்றினாள். பெட்டி முனகிக்கொண்டு ஓடியது. அவள் நின்றால் அதுவும் தயங்கியது. மெஷினுக்காக நடந்தபோது ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது மகள் வந்து முகம் பார்க்கும்வரை என்பது மட்டும்தான். அழுவதற்கு நின்றால் குளிர் நின்றுவிடும் என்பதால் அவள் அழவும் இல்லை. வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். படியில் யாரோ ஏறும் ஓசை கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அவரவர் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. சிதம்பரம் நின்றுகொண்டிருந்தான். மாலை எதுவும் வாங்கிவரவில்லை. நம்பாமலும் வராமல் இருக்க முடியாமலும் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெட்டியைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்தான். கண்ணாடி பனிக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அது பனிக்கவில்லை.

கோமதி நடந்துகொண்டே, பழக்கத்தில் சொன்னாள்: “வாங்க தம்பி. உக்காருங்க.”

அவன் உட்காரவில்லை. செருப்பை உதறிவிட்டு, பாதம் முழுவதையும் ஊன்றி உள்ளே வந்தான். பெட்டியைச் சுற்றிவந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“நீங்க உக்காருங்க மதினி. நான் நடக்கேன்.”

கோமதி உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.